கேஷுவாலிட்டி வாசலில் நிற்பவர்களுக்கு: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்டான்லி அரசு மருத்துவமனையோ, தண்டையார்பேட்டையில் உள்ள அரசு புறநகர் மருத்துவமனையோ, திருவொற்றியூர் பக்கத்துத் தனியார் நர்சிங் ஹோமோ, அவசரப் பிரிவின் வாசலில் எழும் கேள்விகள் ஒன்றுதான். கோபமாகக் கேட்கப்படும் கேள்விகளையும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறோம். கோபத்துக்குக் காரணம் இருக்கிறது.

"நாங்கதான் மொதல்ல வந்தோம். பின்னாடி வந்த ஆளை எப்படி உள்ளே கூட்டிட்டுப் போறாங்க?"

ஓ.பி.யில் டோக்கன் வரிசை உண்டு. கேஷுவாலிட்டியில் கிடையாது. காத்திருந்தால் யாருக்கு அதிகக் கேடு என்பதை வைத்துத்தான் அங்கே முறை போடுகிறார்கள். வாசலிலேயே ஒரு நர்ஸோ டாக்டரோ ஓரிரு நிமிடத்தில் மூச்சு, நாடி, பிரஷர், விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவு, சுகர், நினைவு ஆகியவற்றைப் பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் கொடுப்பார். சிவப்பு என்றால் உடனே. மஞ்சள் என்றால் சீக்கிரம், கண் பார்வையிலேயே. பச்சை என்றால் காத்திருக்கலாம்.

பெரியவர்களுக்கு மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேலேயோ 10-க்குக் கீழேயோ இருந்தாலும், ஆக்சிஜன் 90-க்குக் கீழே போனாலும், பிரஷரின் மேல் அளவு 90-க்குக் கீழே இறங்கினாலும், கூப்பிட்டால் கண் திறக்காமல் கிள்ளினால் மட்டும் அசைந்தாலும் பெரும்பாலும் சிவப்புதான். இதில் ஒன்று இருந்தாலே போதும்.

"என் பையன் வலியில கத்துறான். யாரும் திரும்பிப் பார்க்கல. அந்தப் பெரியவர் சும்மாதானே படுத்திருக்கார்?"

கத்துகிறவருக்கு மூச்சுக்குழாய் திறந்திருக்கிறது, நுரையீரலில் காற்று இருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது. மூன்றையும் அந்தச் சத்தமே காட்டிவிடுகிறது. 'சும்மா படுத்திருக்கும்' பெரியவர் வியர்த்து, கை சில்லிட்டு, பேச்சுக் குறைந்து கிடந்தால் அவர்தான் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார். உள்ளே ரத்தம் கசிகிறவர்கள் முதலில் படபடப்பாக இருப்பார்கள், பிறகு அமைதியாகிவிடுவார்கள். அந்த அமைதியைப் பார்த்துத்தான் அனுபவமுள்ள நர்ஸ் ஓடுகிறார்.

அதற்காக வலியைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று ஆகாது. கை எலும்பு முறிந்த பையன் மஞ்சளோ பச்சையோ ஆனாலும், கட்டை வைத்துக் கட்டி, வலிக்கு ஊசி போட்டுவிட்டுக் காத்திருக்கச் சொல்லலாம். "காத்திருக்கோம், வலிக்கு மட்டும் ஏதாவது கொடுங்க" என்று கேட்பதில் தவறே இல்லை. கேட்க வேண்டும்.

"பச்சைன்னு சொல்லிட்டாங்க. அப்போ பயமில்லைதானே?"

அந்த நிமிடத்துக்கு மட்டும். நிறம் மாறக்கூடியது, மறுபடி மறுபடி பார்க்க வேண்டியது. கூட்டமான இரவில் அந்த மறுபார்வைதான் முதலில் தவறிப்போகும். அதனால் உடன் வந்தவர் கண்ணை எடுக்கக் கூடாது. தூக்கம் போலச் சாய்வது, உளறல், புதிதாக வாந்தி, உதடு நீலமாவது, மூச்சு வாங்குவது, கட்டுப்போட்ட இடம் நனைந்துகொண்டே போவது: இவற்றில் எது தெரிந்தாலும் உடனே போய் நர்ஸிடம் சொல்லுங்கள். "எவ்வளவு நேரம்மா ஆகும்?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. "இப்ப கூப்பிட்டா பதில் சொல்லல, வந்தப்ப பேசினார்" என்று சொன்னால் ஆள் வருவார். டாக்டர் பார்க்கும் வரை டீ, இளநீர், இட்லி எதுவும் கொடுக்காதீர்கள். ஆபரேஷனோ ஸ்கோப்போ தேவைப்பட்டால் வயிறு காலியாக இருக்க வேண்டும்.

பச்சை போல ஏமாற்றும் சிலவற்றை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டு வந்தால், நன்றாகப் பேசினாலும் சி.டி. ஸ்கேன் தேவை. சர்க்கரை நோய் உள்ள பெண்களுக்கு மாரடைப்பு வெறும் களைப்பாகவும் வாந்தியாகவும் வரலாம். நெஞ்சு வலியே இல்லாமலும் போகலாம்.

எல்லாவற்றையும் விட மோசமானது எலி பேஸ்ட். விழுங்கியவர் முதல் நாள் கொஞ்சம் வாந்தி எடுத்துவிட்டுத் தெளிவாகிவிடுவார். "ஒண்ணும் ஆகல, வீட்டுக்குப் போலாம்" என்று குடும்பமே சொல்லும். இரண்டாம், மூன்றாம் நாளில் கல்லீரல் கைவிடும். அளவு கொஞ்சம்தான் என்றாலும், முகம் தெளிவாக இருந்தாலும், உடனே கூட்டிவந்து அட்மிட் செய்யுங்கள். டப்பாவையும் கொண்டு வாருங்கள். வழக்கு வருமோ என்று மறைக்க வேண்டியதில்லை: 2017-ம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. மனசு தாங்காத நேரத்தில் போனில் பேச 14416, 104 என்ற எண்கள் இருக்கின்றன.

"நெஞ்சு எரிச்சல்தான், கேஸா இருக்கும். காலையில பார்த்துக்கலாமா?"

இந்தக் 'கேஸ்' என்ற சொல்லால் வீணாகும் மணி நேரங்கள் ஏராளம். சோடா, ஓமத்தண்ணீர், ஜெலுசில், தூக்கம் என்று நான்கு கட்டம் தாண்டித்தான் ஈ.சி.ஜி.க்கு வருகிறார்கள். தாடையிலிருந்து தொப்புள் வரை புதிதாக அழுத்தம், எரிச்சல், இறுக்கம் வந்து வியர்த்தால், மாரடைப்பு இல்லை என்று தெரியும் வரை அது மாரடைப்புதான். வந்த 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்து டாக்டர் கண்ணில் பட வேண்டும். அடைப்பு உறுதியானால், கரைக்கும் ஊசி என்றால் 30 நிமிடத்துக்குள், பலூன் சிகிச்சை என்றால் வாசலிலிருந்து 90 நிமிடத்துக்குள் என்பது உலகெங்கும் வைத்திருக்கும் இலக்கு.

முதல் ஈ.சி.ஜி. நார்மல் என்பதால் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். வலி இருக்கும்போதே மறுபடி எடுக்க வேண்டும்; இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையையும் சில மணி நேரம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம்தான் இருக்கிறது என்றால் அங்கேயே போங்கள். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் அங்கே 14 மாத்திரை தருகிறார்கள்: ஆஸ்பிரின் 150 மி.கி. 2, குளோபிடோக்ரெல் 75 மி.கி. 4, அடோர்வாஸ்டாடின் 10 மி.கி. 8. அதன்பிறகு பெரிய மருத்துவமனைக்கு. எந்த மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டது என்ற சீட்டை வாங்காமல் கிளம்பாதீர்கள். சீட்டு இல்லாவிட்டால் அங்கே மறுபடி கொடுத்துவிடுவார்கள்.

"வாய் கோணிடுச்சு, ஒரு பக்கம் கை வரல. என்ன மாத்திரை கொடுக்கலாம்?"

எதுவும் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின் கூடாது, பிரஷர் மாத்திரை கூடாது. பக்கவாதம் அடைப்பாலும் வரும், ரத்தக் கசிவாலும் வரும், சி.டி. எடுக்காமல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. கசிவு என்றால் ஆஸ்பிரின் கேடு செய்யும். அடைப்பு என்றால் நாலரை மணி நேரத்துக்குள் கரைக்கும் ஊசி போடலாம். அந்தக் கணக்கு, அவர் கடைசியாக நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நேரத்திலிருந்து தொடங்கும். "காலையில எழுந்தப்போ இப்படி இருந்தாரு" என்றால் போதாது. இரவு எத்தனை மணிக்குப் படுத்தார், நடுவில் பாத்ரூம் போனாரா, அப்போது நன்றாக நடந்தாரா என்பதெல்லாம் தேவை.

சர்க்கரை இறங்கினாலும் அச்சு அசலாக இப்படியே தெரியும். அதனால்தான் எல்லாவற்றுக்கும் முன் விரலில் குத்திச் சுகர் பார்க்கிறார்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்து 70-க்குக் கீழே காட்டினால், விழுங்கும் நினைவோடு இருப்பவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுக்கலாம். மயங்கியவர் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. நேராக நுரையீரலுக்குப் போகும்.

"108-க்குக் காத்திருக்கணுமா, ஆட்டோவுல போட்டுக்கிட்டு ஓடணுமா?"

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட், மழையில் நிரம்பும் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை: இவை தெரிந்தவருக்கு இந்தக் கேள்வியின் எடை தெரியும். எங்கள் கருத்து இது. விழுந்து அடிபட்டவர், கழுத்து, முதுகு வலிப்பவர், மூச்சுத் திணறுகிறவர், மயக்கத்தில் இருப்பவர் என்றால் 108. ஆட்டோவில் மடித்து உட்கார வைக்கும்போது கழுத்து எலும்பு நகர்ந்தால் அதற்குப்பின் சரிசெய்ய வழியில்லை. வெட்டுக்காயத்தில் ரத்தம் பீறிட்டு, ஆம்புலன்ஸ் தூரத்தில் இருந்தால், சுத்தமான துணியை மடித்து உள்ளங்கையால் விடாமல் அழுத்தியபடி கிடைத்த வண்டியில் கிளம்பலாம். நடுநடுவே துணியைத் தூக்கிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. உறைந்த ரத்தம் அதோடு பிய்ந்துகொண்டு வரும். நனைந்தால் மேலே இன்னொரு துணி.

அழைக்கும்போது தெருப் பெயரைவிட, வண்டி எதுவரை நுழையும் என்பதைச் சொல்லுங்கள். ஒருவரை மெயின் ரோட்டில் நிறுத்துங்கள்.

ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது ஆக்சிஜன் சிலிண்டர் கணக்கைக் கேளுங்கள். சின்ன 'பி' சிலிண்டரில் நிரம்பினால் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் போனால் இரண்டரை மணி நேரம். 15 லிட்டர் போனால் 100 நிமிடம். பாதி சிலிண்டரோடு மாலை ஆறு மணிக்கு மணலியிலிருந்து கிளம்பினால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். 2021 மே மாதம், கொரோனா அலையில், ஜி.எச். வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றபோது பலருக்குப் புரிந்த கணக்கு இது.

"எந்த ஆஸ்பத்திரிக்கு?"

உயிர் போகிற நிலை என்றால் அருகிலுள்ளதற்கு. மற்றபடி, கை நசுங்கல், விரல் துண்டிப்பு என்றால் ஸ்டான்லி. கை அறுவை சிகிச்சையில் அதன் பெயர் நாடறிந்தது. பெரிய தீக்காயம் என்றால் கீழ்ப்பாக்கம் மருத்துவமனை. பிரசவம் என்றால் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை. குழந்தை என்றால் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை.

பிரஸ், லேத் வேலை நடக்கும் இடங்களில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டியது: துண்டான விரலை நேராக ஐஸில் போடாதீர்கள், செல்கள் உறைந்து செத்துவிடும். சுத்தமான துணியைச் சலைனில் நனைத்துப் பிழிந்து அதில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுகக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்கள். முன்கை போலத் தசை உள்ள பாகம் என்றால் 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் மேஜைக்குப் போயாக வேண்டும்.

"கம்பெனியில கேஸ் லீக் ஆச்சுன்னா நூறு பேரை எப்படிப் பார்ப்பாங்க?"

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். இப்படிப் பலர் ஒன்றாக வரும்போது முறையே மாறுகிறது. ஒருவருக்கு அரை நிமிடம்தான். நடக்க முடிந்தவர்கள் எல்லோரையும் ஒரு பக்கம் வரச்சொல்வார்கள், அவர்கள் பச்சை. மீதிப் பேரில் மூச்சு இல்லாதவரின் தாடையைத் தூக்கி மூச்சுவழியைத் திறப்பார்கள். மூச்சு வந்தால் சிவப்பு, வராவிட்டால் கருப்பு, அதாவது அவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போவார்கள். மூச்சு 30-க்கு மேல் என்றால் சிவப்பு. மணிக்கட்டில் நாடி இல்லை, அல்லது நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப 2 வினாடிக்கு மேல் ஆகிறது என்றால் சிவப்பு. "கையைத் தூக்குங்க" என்றால் செய்யாதவரும் சிவப்பு. மீதி மஞ்சள். இந்தச் சுற்றில் மூச்சுவழி திறப்பதும் பீறிடும் ரத்தத்தை நிறுத்துவதும் தவிர வேறு சிகிச்சை கிடையாது.

கருப்பு என்பதைத்தான் மனசு ஏற்காது. சாதாரண நாளில் இதயம் நின்று வருகிறவருக்கு நான்கு பேர் சேர்ந்து நெஞ்சை அழுத்துவார்கள். நூறு பேர் கிடக்கும்போது அந்த நான்கு பேரை ஒருவரிடம் நிறுத்தினால், பிழைத்திருக்கக்கூடிய பலர் போய்விடுவார்கள். குழந்தைக்கு விதி வேறு: மூச்சு நின்று நாடி இருந்தால் ஐந்து முறை மூச்சு ஊதிப் பார்த்த பிறகே முடிவு.

அமோனியா வாடை வந்தால் காற்று வீசும் திசைக்குக் குறுக்காக ஓடுங்கள். மூக்கில் நனைத்த துணி; அமோனியா தண்ணீரில் கரையும். கண் எரிந்தால் ஓடும் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம். மருத்துவமனை வாசலிலேயே உடையைக் கழற்றச் சொல்வார்கள். மறைப்பு கேளுங்கள், மறுக்காதீர்கள். உடையில் ஊறியது உங்களையும் எரிக்கும், உள்ளே இருப்பவர்களையும் எரிக்கும். குரல் கம்மினால் அது மூச்சுக்குழாய் வீங்குவதன் அடையாளம், சிவப்பு. இருமல் மட்டும் உள்ளவரையும் சில மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். நுரையீரலில் நீர் கோப்பது தாமதமாக வரலாம்.

"போலீஸ் கேஸ்னு சொல்லி அலைய விடுவாங்களே?"

சிகிச்சை முதலில், எழுத்து பிறகு. 1989-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அரசு டாக்டரும் தனியார் டாக்டரும் கட்டுப்பட்டவர்கள். வழியில் கிடந்தவரைத் தூக்கி வந்தவர் பெயரும் போன் நம்பரும் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அவரைக் காக்கிறது.

ஏ.ஆர். என்ட்ரி, அதாவது மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் பதிவு போடும்போது மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். அடிதடியில் வந்த காயத்தை "படியில விழுந்துட்டார்" என்று எழுதவைப்பதும், பைக் விபத்தை வேறு மாதிரி சொல்வதும் சாதாரணமாக நடக்கிறது. கத்திக் குத்து என்று தெரிந்தால் டாக்டர் ஆழம் தேடுவார். விழுந்தது என்றால் தோலைத் தைத்து அனுப்பிவிடலாம். பிறகு விபத்து இழப்பீட்டு வழக்கில் அந்த ஏ.ஆர். காப்பிதான் முதல் சாட்சி. அதில் எழுதியதைப் பின்னால் மாற்றுவது பெரும்பாடு.

"பணம் கட்டினாதான் தொடுவோம்ங்கிறாங்க."

சாலை விபத்து என்றால் 2021 டிசம்பர் 18 முதல் 'இன்னுயிர் காப்போம் நம்மைக் காக்கும் 48' இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரம், 81 வகை சிகிச்சைக்கு, அரசு வைத்த வரம்பு வரை பணம் இல்லை. காப்பீட்டு அட்டை வேண்டாம். தமிழ்நாட்டுக்குள் விபத்து நடந்தால் போதும், பீகாரிலிருந்து வந்து மாதவரம் குடோனில் வேலை பார்ப்பவருக்கும் உண்டு. 48 மணி நேரம் முடிவதற்குள் அடுத்து எங்கே என்று கேட்டுவிடுங்கள்; 47-வது மணியில் கேட்டால் படுக்கை தேட நேரம் இருக்காது.

"ஆபரேஷனுக்குக் கையெழுத்து யார் போடணும்? அவ புருஷன் கடலுக்குப் போயிருக்கான்."

பதினெட்டு வயது நிரம்பி நினைவோடு இருப்பவரின் கையெழுத்து அவருடையதுதான். மனைவிக்குக் கணவர் கையெழுத்து என்று சட்டம் கேட்கவில்லை; வழக்கமாகக் கேட்டு வாங்குகிறார்கள். காசிமேட்டிலிருந்து போன படகு திரும்பும் வரை குடல் வெடித்த பெண் காத்திருக்க வேண்டியதில்லை. நினைவில்லாதவர், கூட யாருமில்லை, தாமதித்தால் உயிர் போகும் என்றால் சம்மதம் இல்லாமலே செய்யலாம் என்று 2008-ல் சமீரா கோலி வழக்கின் தீர்ப்பும் சொல்கிறது. ஆனால் உயிரைக் காக்கத் தேவையானதை மட்டும். வயிற்றைத் திறந்தபோது கண்ணில் பட்ட வேறொன்றையும் சேர்த்து எடுத்துவிட முடியாது.

நினைவோடு இருப்பவர் வேண்டாம் என்றால், குடும்பம் முழுக்கச் சொன்னாலும் வேண்டாம்தான். அவர் புரிந்துகொண்டுதான் சொல்கிறாரா என்று டாக்டர் சோதிக்க வேண்டும்: என்ன நோய், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்வார். சுகர் இறங்கியவர், போதையில் இருப்பவர், ஆக்சிஜன் குறைந்தவர் சொல்லும் 'வேண்டாம்' அந்த நேரத்துக்குக் கணக்கில் வராது.

"அப்பாகிட்ட சொல்லாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்."

பாசத்தில் கேட்பதுதான். ஆனால் கேட்க வேண்டியவர் அப்பா. "ரிப்போர்ட்டைப் பற்றி நீங்களே தெரிஞ்சுக்கணுமா, பையன்கிட்ட பேசினா போதுமா?" என்று டாக்டர் அவரிடமே கேட்கட்டும். பையன்கிட்ட பேசுங்க என்றால் அது அவர் முடிவு. பலருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்; வீட்டுக்காரர்கள் தாங்க மாட்டார்கள் என்று அவர் நடித்துக்கொண்டிருப்பார்.

"ஒரே வென்டிலேட்டர், ரெண்டு பேர். யாருக்கு?"

இந்தச் சிகிச்சையால் பிழைத்து எழும் வாய்ப்பு யாருக்கு அதிகம் என்பதுதான் நியாயமான அளவுகோல். வயது தனியாகக் காரணம் ஆகாது. கவுன்சிலர் போன், பணம், சாதி, ஊர் எதுவும் ஆகவே ஆகாது. படுக்கை அருகே நிற்கும் டாக்டர் ஒருவரே முடிவெடுப்பதைவிட, அந்த நோயாளியைப் பார்க்காத இன்னொரு மூத்த டாக்டரோடு சேர்ந்து எடுப்பது நல்லது; காரணத்தை நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். கிடைக்காதவரை மூலையில் விட்டுவிடக் கூடாது: ஆக்சிஜன் மாஸ்க், மூச்சுத்திணறலுக்கு மருந்து, கூடவே ஓர் ஆள்.

"வென்டிலேட்டரை எடுத்துடலாமான்னு கேட்கிறாங்க. அது கொலை இல்லையா?"

இரண்டு நிலையைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மூளைச்சாவு என்றால் ஆள் இறந்துவிட்டார். நெஞ்சு ஏறி இறங்குவது மெஷினால். நான்கு டாக்டர்கள், குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து எழுதுவார்கள். உறுப்பு தானம் கேட்கலாம், மறுக்கவும் உரிமை உண்டு. தானம் செய்தவருக்கு 2023 செப்டம்பர் முதல் தமிழ்நாட்டில் அரசு மரியாதை.

மற்றது, உயிர் இருக்கிறது ஆனால் மீள வழியில்லை என்ற நிலை. இந்த நிலையில் சிகிச்சையை நிறுத்துவதை 2018-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்து, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. சிகிச்சை தரும் டாக்டரோடு குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள இருவர் சேர்ந்த முதல் குழு, அதன்பின் வெளியிலிருந்து நியமிக்கப்பட்டவர் உள்ள இரண்டாம் குழு, ஒவ்வொன்றும் 48 மணி நேரத்துக்குள் சொல்ல முயல வேண்டும், குடும்பத்தின் சம்மதம், மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல். முன்கூட்டியே எழுதி வைக்க விரும்புகிறவர் இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஸட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். எழுதிய காகிதத்தை பீரோவில் பூட்டிவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள், நடுராத்திரி ஐ.சி.யூ. வாசலில் அது யாருக்கும் உதவாது.

"போதும், வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடறோம்."

கூட்டிப்போகலாம், தடுக்க முடியாது. ஆனால் காரணத்தை முதலில் சொல்லுங்கள். பெரும்பாலும் பணம், அல்லது பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதது. இரண்டுக்கும் அங்கேயே வழி இருக்கலாம். மருத்துவ ஆலோசனைக்கு எதிராகப் போகிறோம் என்ற கையெழுத்து, டாக்டர் என்ன ஆபத்து சொன்னார் என்பதற்கான பதிவு மட்டுமே. அதைப் போட்டதால் டிஸ்சார்ஜ் சீட்டு, மருந்துச் சீட்டு, மறுபடி வரும் உரிமை எதுவும் போகாது. கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வலி மாத்திரை எத்தனை வேளை, எந்த அறிகுறி வந்தால் திரும்ப வர வேண்டும், அப்போது எந்த வாசலில் யாரைக் கேட்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ளுங்கள்.